ஆம்பூரில் பன்னிரண்டு நிமிஷம்

ஆம்பூர்
3-11-2025, திங்கள்

ஃபீபிக்கு,

உன் ஆயா பொன்மலர் எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே உன் மாமா, மாமி, மிச்சமிருக்கிற கோழி எல்லாம் சுகம். நான் சுகம் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைக்கிற பிள்ளையைப் பெற்றவள் என் மகள்; அவளைப் பெற்ற வயிறு எப்படிச் சுகமாக இருக்கும்? திரும்ப அடித்தேன், மணியே போகவில்லை. என் நம்பரை நீ அடைத்து வைத்துவிட்டாய் என்று உன் மாமா சொன்னான். அதனால்தான் கடிதம். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து முன்னே பின்னே இருக்கும். ஆனால் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டாலும் மிச்சம் தாளிலேயே இருக்கும், அது ஒரு வசதி.

நடந்ததை முழுதாகக் கேள். நேற்று நம் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து ஏலம். அவரவர் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணி, வாழைத்தார், கோழி, கேக்கு எல்லாவற்றையும் மேசைமேல் வைத்து, டைட்டஸ் மைக் பிடித்து ஏலம் விட்டான். நான் சேவல் கொடுப்பதாகப் போன மாசமே பேர் கொடுத்திருந்தேன். அந்தச் சேவலுக்கு விஷயம் எப்படித் தெரிந்ததோ, சனிக்கிழமை சாயங்காலம் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு புடலங்காயோடு கோயிலுக்குப் போனேன். முன் வரிசையில் சத்தியநாதன் சார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்; இன்னும் எல்லோரையும் பெஞ்சுமேல் ஏற்றுகிற பார்வைதான் பார்க்கிறார். அவர் கொண்டுவந்தது மூன்றடுக்குக் கேக்கு. டைட்டஸ் என் புடலங்காயைத் தூக்கிக் காட்டி, "பொன்மலரம்மா, சேவல்னு சொன்னீங்களே, இது இன்னா, அதோட வாலா?" என்றான். சபையே சிரித்தது. போதகர் ஐயாவும் சிரித்தார், நான் பார்த்தேன்.

அப்போது என் வாய் சொல்லிவிட்டது: "என் பேத்தி மெட்ராஸ்ல செல்லோ படிக்குறா, ஆள் ஒசரத்துக்கு வயலின் மாதிரி இருக்குமே, அது. யார் ஏலம் எடுக்குறாங்களோ அவங்க வீட்டு விசேஷத்துக்கு வந்து வாசிப்பா. அதுதான் என் காணிக்கை."

சிரிப்பு நின்றது. ஏலம் ஏறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே, கேக்கெல்லாம் கிட்டேகூட வரவில்லை. கடைசியில் சத்தியநாதன் சாரே எடுத்தார். அவர் மகள் ஜெனிஃபாவுக்கு டிசம்பர் ஆறாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம் நிச்சயதார்த்தம். பத்திரிகையில் உன் பேர் வரப்போகிறது. இதைச் சந்தோஷமாகச் சொல்லத்தான் போன் பண்ணினேன். தேதியைச் சொன்னதும் வைத்துவிட்டாய். ஏன் வைத்தாய்?

உன் ஆயா,
பொன்மலர்


சென்னை
7-11-2025, வெள்ளி

ஆயா,

ஏன் வைத்தேன் என்றால், அதே டிசம்பர் ஆறாம் தேதி சாயங்காலம்தான் இங்கே எனக்கு இளையோர் ஆர்க்கெஸ்ட்ராவின் தேர்வு. இதை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ, "ஆமா ஆமா, சாப்ட்டியா?" என்றாய். செல்லோவுக்கு ஒரே ஒரு இடம்தான் காலி. கிடைத்தால் வருஷம் முழுக்க நல்ல ஆசிரியரிடம் பாடம், பெரிய மேடை. கிடைக்காவிட்டால் இப்போது போலவே ஹாஸ்டலில் துணி துவைக்கிற இடத்தில் வாசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அங்கேதான் வாசிக்கிறேன். அறையில் வாசித்தால் பக்கத்து அறைப் பெண்ணுக்குச் சாவு வீட்டில் இருப்பது மாதிரி இருக்கிறதாம். வார்டன் வந்து, "இதுல சத்தம் கம்மி பண்ற பட்டன் இல்லியாம்மா?" என்கிறார். பஸ்ஸில் ஏறினால், இதற்கு லக்கேஜ் டிக்கெட்டா ஆள் டிக்கெட்டா என்று கண்டக்டர் யோசித்து முடிப்பதற்குள் நான் இறங்க வேண்டிய இடம் போய்விடுகிறது. நேற்று ஷேர் ஆட்டோவில் ஒரு பெரியவர் பெட்டியைத் தட்டி, "யாரும்மா உள்ளே?" என்று கேட்டார். என்ன என்று கேட்கவில்லை ஆயா, யார் என்று கேட்டார். இடது கை விரல் நுனியெல்லாம் காய்ப்பு. மழை ஈரத்தில் மரம் உப்பிப்போய், சுருதி சேர்த்த தந்தி சேர்த்த இடத்தில் நிற்பதில்லை.

இப்படியெல்லாம் தயார் பண்ணினதைத்தான் நீ ஒரு புடலங்காய்க்குப் பதிலாக ஏலம் விட்டிருக்கிறாய். மாமியிடம் கேட்டேன். எனக்கு முன்னால் ஏலம் போனது வாத்தாம். எனக்குப் பின்னால் பூசணிக்காயாம்.

இன்னொன்று. ஆம்பூர் முழுக்க என்னைப் பற்றிச் சொல்கிறாய். பால்காரருக்குக்கூட என் வாத்தியத்தின் பேர் தெரியும். ஆனால் நான் ஒரு பாடத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாசித்து நீ கேட்டதே இல்லை. போன கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் வாசித்தேனே, நான் வில்லை எடுத்ததும் பக்கத்தில் இருந்தவர்களிடம் "என் பேத்தி, என் பேத்தி" என்று ஆரம்பித்தாய். நான் வாசித்து முடித்தபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாய்.

நான் வர முடியாது. சாரிடம் நீயே சொல்லிவிடு.

ஃபீபி


ஆம்பூர்
12-11-2025, புதன்

ஃபீபிக்கு,

வாத்துக்கு அடுத்தது நீ இல்லை. நடுவில் ஒரு தேன் பாட்டில் போனது. உன் மாமி எதையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டாள்.

மற்றதற்கெல்லாம் நான் பதில் சொல்லப்போவதில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்கு என் பக்கத்தில் இருந்தது சத்தியநாதன் சாரின் மனைவி. அவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உனக்காக சார் வீட்டுப் படி ஏறினேன். கால் வரவில்லை, இழுத்துக்கொண்டுதான் போனேன்.

"சார், அன்னிக்கு அவளுக்குப் பரீட்சை. வேற ஒரு நாள் வந்து வாசிக்கட்டும். ஒண்ணுக்கு ரெண்டு நாளா வாசிக்கட்டும்."

"பத்திரிகை அடிச்சாச்சே, பொன்மலரம்மா."

"உங்க பையன் அபினேஷ் கீபோர்டு வாசிக்கிறான். ஒரு பட்டனைத் தட்டுனா புல்லாங்குழல், ஒரு பட்டனைத் தட்டுனா தபேலா. செல்லோவும் அதுல எங்கியாவது இருக்கும். தட்டச் சொல்லுங்க."

"ஏலத்துல ஆடு எடுத்தவனுக்கு ஆட்டோட போட்டோவைக் குடுப்பீங்களா?"

"அதுக்கில்ல சார்..."

"கர்த்தருக்குன்னு குடுத்தது. இல்லன்னு ஆய்டுச்சுன்னா நான் சபையில சொல்லித்தான் ஆகணும். எனக்கு மட்டும் ஆசையா, சொல்லுங்க?"

அவருக்கு ஆசைதான். முகத்தில் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சாரைத் திருப்ப முடியாது. பரீட்சைக்காரர்களைத் திருப்பலாமே? உன் அம்மாவிடம் அவர்கள் ஆபீஸ் நம்பரை வாங்கினேன். எதற்கு என்று கேட்டாள். அதற்குள் வார்டிலிருந்து யாரோ "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள், நல்லதாயிற்று. போன் எடுத்தது சௌமியா என்று ஒரு பொம்பளை. தங்கமான குணம். வெளியூர்ப் பிள்ளைகள் நேரில் வர வேண்டியதில்லை, வாசிக்கிறதை வீடியோ எடுத்து ஆறாம் தேதிக்குள் அனுப்பினால் போதும் என்றாள். "அப்போ எங்க பிள்ளையும் வெளியூர்தாம்மா, ஆம்பூர்" என்றேன். நான் யார் என்று கேட்டாள். கார்டியன் என்றேன், அது பொய்யில்லையே. உன் பேரை வீடியோ பக்கம் மாற்றிவிட்டாள்.

பரீட்சைக்குப் பரீட்சையும் ஆயிற்று, நிச்சயதார்த்தத்துக்கு நிச்சயதார்த்தமும் ஆயிற்று. நீ நன்றி சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொன்னால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

உன் ஆயா,
பொன்மலர்


சென்னை
16-11-2025, ஞாயிறு

ஆயா,

நீ அழித்தது நான் நேரில் வாசிக்கிற இடம். அதை வேறு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். திரும்பத் தரச் சொல்லி நேற்று ஆபீஸுக்கே போனேன். "உங்க பாட்டி அவ்வளவு உறுதியா கேட்டாங்களேம்மா" என்கிறார் சௌமியா மேடம்.

வீடியோ என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா? பன்னிரண்டு நிமிஷப் பாடம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. பின்னால் வேறு சத்தம், வேறு குரல் எதுவும் கேட்கக் கூடாது. எடுத்துப் பார்த்தேன். துணி துவைக்கிற இடத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, பாதியில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து பக்கெட்டை வைத்தார்கள். மொட்டை மாடியில் மழை. கல்லூரியில் இருக்கிற ஒரே நல்ல அறையில் மாசம் முழுக்கப் பரீட்சை. நேரில் போயிருந்தால் சத்தமில்லாத ஹாலை அவர்களே கொடுத்திருப்பார்கள். என்னை ஏலம் விட்டாய், பிறகு அந்த ஹாலையும் தூக்கிக் கொடுத்துவிட்டாய்.

சரி. இனிமேல் ஆறாம் தேதி எனக்கு இங்கே வேலை இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் உனக்கு ஒரு தண்டனை. ஆம்பூரில் பன்னிரண்டு நிமிஷம் சத்தமே இல்லாத ஓர் இடம் எனக்குக் கண்டுபிடித்துக் கொடு. மோட்டார், ஹாரன், கோழி, நீ, எதுவும் கேட்கக் கூடாது. கண்டுபிடித்தால் உன் நம்பரைத் திறந்துவிடுகிறேன். இந்த வீடியோ போகவில்லை என்றால் எனக்கு அந்த இடம் இல்லை, ஆயா. அதை மட்டும் ஞாபகம் வை.

ஃபீபி


ஆம்பூர்
24-11-2025, திங்கள்

ஃபீபிக்கு,

ஆம்பூரில் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. ஷூ கம்பெனியில் மேல்தோல் அப்பர் தைத்தே வயசைக் கழித்தவள் நான். மிஷின் நின்றால்தான் எனக்குத் தூக்கம் கலையும். உன் கடிதம் வந்த நாளிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறேன். பார்த்தவர்கள் சேவலைத் தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நம் வீடு ஆகாது, எதிர்வீட்டில் சோல் வெட்டுகிற மிஷின். கோயிலுக்குப் போனேன், அங்கே அபினேஷ் நிச்சயதார்த்தத்துக்குப் பிராக்டிஸ். நிறுத்துடா என்றேன். நிறுத்தினான். "இப்போ கேளுங்க ஆயா" என்றான். கூரை முழுக்கப் புறா. டைட்டஸ் தன் மாடி அறையைத் தருகிறேன் என்றான். நல்ல அறைதான், ஜன்னலைத் திறந்தால் ரயிலைத் தொடலாம். இந்த வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் வாசித்தால் ஆயிற்று என்றான். அவன் வாய் மூடுவதற்குள் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது, அது போய் முடிப்பதற்குள் நான் காப்பி குடித்துவிட்டேன். கடைசியில் கல்லறைத் தோட்டத்துக்கே போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிரியாணிக் கடை. அண்டாவில் கரண்டி தட்டுகிற சத்தத்தில் படுத்திருக்கிறவர்கள் எழுந்து உட்கார வேண்டியதுதான்.

வருகிற வழியில் மஹ்பூபியைப் பார்த்தேன். என்கூட ஒரே லைனில் தைத்தவள், இப்போது அப்துல் சமத் பாயின் தோல் பதனிடுகிற ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிறாள். அழாத குறையாக அவளிடம் சொன்னேன்.

"இதுக்கா இந்தப் பேஜாரு? வெள்ளிக்கெழம மத்தியானம் எங்க ஷாப்புக்கு வா" என்றாள்.

"உங்க ஷாப்பா? ரோட்டு முனையிலயே தோல் ஊறுற டிரம் சுத்துற சத்தம் காதைப் பொளக்குதே."

"ஜும்மா நேரத்துல யார்டீ டிரம் சுத்துறது? வா, வந்து பாரு."

போன வெள்ளிக்கிழமை போனேன். பாங்கு சொல்லி முடித்ததும் ஆட்களெல்லாம் தொழுகைக்குப் போனார்கள். டிரம், மோட்டார், பாய்லர் எல்லாம் நின்றது. பக்கத்து ஷாப்பும் நின்றது. மஹ்பூபி என்னை உள்ளே தோல் குடோனுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். பதப்படுத்தி முடித்த தோல், நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. ஃபீபி, என் காதுதான் அடைத்துக்கொண்டது என்று பயந்துபோனேன். மஹ்பூபி ஏதோ பேசினாள். வாயைவிட்டு வந்ததும் வார்த்தையைத் தோல் குடித்துவிட்டது.

சமத் பாயிடமும் கேட்டுவிட்டேன். "நாங்க தொழுதுட்டு வர்ற வரைக்கும் குடோன் உங்களுதும்மா. தோல் மேல தண்ணி மட்டும் படக் கூடாது" என்றார். அவர்கள் திரும்பிவந்து டிரம்மைப் போடுவதற்குள் நீ இரண்டு தடவை வாசிக்கலாம்.

டிசம்பர் ஐந்து வெள்ளிக்கிழமை. காலை வண்டிக்கே வந்துவிடு. நீ வேண்டாம் என்று எழுதினாலும் நான் உள்ளே வருவேன். மூலையில் உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். சத்தியம் பண்ணக் கூடாது என்று வேதத்தில் இருக்கிறது, அதனால் வார்த்தை தருகிறேன்.

நம்பரைத் திற.

உன் ஆயா,
பொன்மலர்


சென்னை
9-12-2025, செவ்வாய்

ஆயா,

நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் நீ அடிக்காதே. போனில் பேசினால் நீதான் பேசுவாய்.

குடோனைப் பற்றி நீ எழுதியது நிஜம். மற்ற இடத்திலெல்லாம் சுவர் கொஞ்சம் கைகொடுக்கும். வாசித்தது சுவரில் பட்டுத் திரும்பி வந்து சின்னச் சின்னத் தப்பை மூடிவிடும். அங்கே எதுவும் திரும்பி வரவில்லை. விரல் மயிரிழை தள்ளிப் போனாலும் அப்படியே கேட்டது. பயத்தில் முதல் வரியிலேயே வில் நடுங்கியது. செல்லோவின் ஊன்றுகோல் தரையில் வழுக்காமல் இருக்க மஹ்பூபிம்மா ஒரு தோல் துண்டைப் போட்டுக் கொடுத்திருந்தார், அதை மட்டும் பார்த்துக்கொண்டு வாசித்தேன். அப்புறம் பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. நான் அப்படி இதுவரை வாசித்ததில்லை ஆயா. வகுப்பிலும் இல்லை, எங்கேயும் இல்லை. கடைசி சுரம் வந்தது. வில் இன்னும் தந்திமேல்தான் இருக்கிறது. சத்தம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

"இன்னொரு வாட்டி வாசி, கண்ணு."

வீடியோவில் அவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது. உன் குரலை மட்டும் அந்தத் தோல்கள் குடிக்கவில்லை.

மஹ்பூபிம்மா உன்னை வெளியே தள்ளிக்கொண்டு போனதும் இரண்டாவது தடவை ஆரம்பித்தேன். இரண்டு தடவை நிறுத்தி ஆரம்பித்தேன், அதற்குள் டிரம் ஓட ஆரம்பித்துவிட்டது. அவர்கள்மேல் தப்பில்லை, வேலை நேரம். முதல் வீடியோவின் கடைசியை வெட்டலாமா என்று பார்த்தேன். உன் குரல் கடைசி சுரத்தின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. உன்னை எடுத்தால் சுரமும் போகிறது. வெட்டக் கூடாது என்பதும் விதி. அப்படியே அனுப்பிவிட்டேன்.

நிச்சயதார்த்தத்தில் என்ன நடந்தது என்று நீயே பார்த்தாய். பந்திக்குக் கூப்பிட்டதும் ஹால் காலி. ஜெனிஃபா அக்கா மோதிரத்தைத் திருகிக்கொண்டே, "சூப்பரா இருக்குது ஃபீபி, நானும் சாப்ட போட்டுமா?" என்றாள். சத்தியநாதன் சார் மட்டும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. ஏலம் எடுத்ததில் ஒரு சொட்டைக்கூட விட மாட்டார்.

இடம் போனால் போகட்டும் என்று சொல்ல முடியவில்லை. தினமும் மெயிலைத் திறந்து திறந்து பார்க்கிறேன். இதற்குள் நீ குடோன் கதையை ஆம்பூர் முழுக்கச் சொல்லி முடித்திருப்பாய். எனக்கு ஒன்றே ஒன்று சொல். வாயைத் திறக்க மாட்டேன் என்றாயே, ஏன் திறந்தாய்?

ஃபீபி


சென்னை
19-12-2025, வெள்ளி

ஆயா,

நீ பதில் போடவில்லை. போனும் பண்ணவில்லை. மாமியைக் கேட்டால், நீ நன்றாகச் சாப்பிடுகிறாய், பேச்சுதான் கம்மியாகிவிட்டது என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மெயில் வந்துவிட்டது. இடம் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டு பேரை மட்டும் ஜனவரி பத்தாம் தேதி மறுபடி நேரில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று நான். வீடியோவில் வேறு குரல் இருப்பது விதிக்குப் புறம்பானது என்று முதலில் கண்டித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இப்படி: "ஆனாலும், வாசிப்பைக் கேட்ட பிறகு அந்த அம்மா கேட்டதையே நாங்களும் கேட்கிறோம்."

இதைப் படித்துவிட்டுத் துணி துவைக்கிற இடத்தில் உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து அறைப் பெண் வந்து, "இன்னிக்கு வாசிக்கலியா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

நீ வா, ஆயா. அம்மாவோடு வா. முன் வரிசை வேண்டாம், ஆனால் வா.

ஃபீபி


ஆம்பூர்
23-12-2025, செவ்வாய்

ஃபீபிக்கு,

கோபத்தில் பதில் போடாமல் இல்லை. நீ கேட்டதற்குப் பதிலைத்தான் எழுதி எழுதிக் கிழித்தேன்.

உன் கடிதத்தைப் படித்ததும், இதெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரியும் என்று உன் மாமியிடம் சொல்லப் பார்த்தேன். கையிலிருந்த காப்பியைச் சேலைமேலேயே கொட்டிக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

குடோன் கதையை ஊரெல்லாம் சொல்லியிருப்பேன் என்று எழுதினாய். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சத்தியநாதன் சார் மனைவி வலிய வந்து, "குடோன்ல வீடியோ எடுத்தீங்களாமே, பேத்தி எப்பிடி வாசிச்சா?" என்று கேட்டாள். எவ்வளவு காலமாக அவள் வாயிலிருந்து வர வேண்டும் என்று நான் காத்திருந்த கேள்வி! வாயைத் திறந்தேன். "ம், வாசிச்சா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. "இன்னா பொன்மலரு, ஜுரமா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. நீ வில்லை எடுத்ததும் நான் வழக்கம்போல மஹ்பூபி பக்கம் திரும்பினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு வேறு ஆள் இல்லை. வேறு வேலையும் இல்லாமல் கேட்டேன். நடுவில் எங்கேயோ, வாசிக்கிறது என் பேத்தி என்பதே மறந்துபோயிற்று. எனக்குத் தெரியாத யாரோ ஒரு பெரிய மனுஷி தனியாக உட்கார்ந்து தன் பாட்டுக்கு எதையோ நினைத்துக்கொண்டிருக்கிற மாதிரியும், அதை நான் ஒளிந்திருந்து கேட்கிற மாதிரியும் இருந்தது. கூச்சமாக இருந்தது. எழுந்து போகவும் மனசில்லை. அப்புறம் அது முடியப்போகிறது என்று தெரிந்தது. அந்த நேரத்தில் கொடுத்த வார்த்தையெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மன்னிப்புக் கேட்கச் சொல்லாதே. மறுபடி உட்காரவைத்தாலும் நான் அதையேதான் கேட்பேன். அதனால்தான் ஜனவரி பத்தாம் தேதி வர மாட்டேன். உன் அம்மா வரட்டும், ஆஸ்பத்திரியில் மெதுவாகப் பேசிப் பழகியவள்.

இடம் கிடைத்தாலும் சரி, அந்த இன்னொரு பிள்ளைக்கே போனாலும் சரி, வாசித்து முடித்ததும் வண்டி ஏறி இங்கே வா. உன் மாமாவையும் மாமியையும் எங்காவது அனுப்பிவிடுகிறேன். எதிர்வீட்டு மிஷின் ஓடினால் ஓடட்டும், கதவைச் சாத்திக்கொள்ளலாம். அன்றைக்கு வாசித்ததை வாசி. நான் யாரையும் கூப்பிட மாட்டேன்.

உன் ஆயா,
பொன்மலர்